விளக்கிலிருந்து வழிந்த சிவப்பு

நைஜல் ஆர்மராடுக்கு இங்கிலாந்தில், ஸ்டாக்போர்ட் நகராட்சியில் உத்தியோகம். பார்க்கிங் அபராதத்தை ரத்து செய்யச் சொல்லி வரும் கடிதங்களைப் படித்து, முடியும் அல்லது முடியாது என்று எழுத வேண்டும். பெரும்பாலும் முடியாது. மாமியாருக்கு மூச்சுத்திணறல், நாய்க்கு வலிப்பு, கல்யாண மோதிரம் சாக்கடையில் விழுந்துவிட்டது என்றெல்லாம் இருபத்தாறு வருடமாகப் படித்ததில் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கதை எத்தனை உருக்கமோ, பொய் அத்தனை பெரிசு.

சனி ஞாயிறுகளிலும் அவருக்கு அந்த முடிவு உதவியது. நைஜல் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளைச் சேகரிப்பவர். கேசட்டில் வந்த விளையாட்டுகள், அவற்றின் அட்டைகள், கூட வந்த வரைபடங்கள், விளம்பரத் துண்டுகள். இணையத்தில் இவர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. பதினோராயிரம் பேர். யாராவது ஒரு பழைய பொருளை விலைக்குப் போட்டால், ‘நைஜல் என்ன சொல்கிறார்?’ என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் பையைத் தொடுவார்கள்.

அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. 1984-ஆம் வருட விளம்பரத் தாள் என்று ஒருவன் விற்க வந்தபோது, அதிலிருந்த மான்செஸ்டர் தொலைபேசி எண் 0161 என்று ஆரம்பிப்பதை இவர்தான் கண்டுபிடித்தார். 1984-இல் அது வெறும் 061; நடுவில் அந்த ‘ஒன்று’ 1995-இல்தான் வந்தது. இன்னொரு தடவை, தாள் மஞ்சளாகப் பழுத்திருக்க, அதைக் குத்தியிருந்த ஸ்டேபிள் கம்பி மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி மின்னியது. தாளை டீயில் தோய்த்தவன் கம்பியை மறந்துவிட்டான்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, ரொட்டி மேல் பீன்ஸ் கொட்டிக்கொண்டிருந்தபோது ராய்ஸ்டன் கூப்பிட்டார். ராய்ஸ்டன் க்ளெக், போஸ்டர் அச்சடிக்கும் கடை வைத்திருந்து ஓய்ந்தவர். நைஜலுக்கு இருபது வருட நண்பர். நைஜலின் மனைவி விட்டுப் போன பிறகு ஒரே நண்பர் என்றே சொல்லலாம்.

“பார்த்தியாடா?”

“என்னத்த?”

“சுரங்க விளக்கு ஒண்ணு விலைக்கு வந்திருக்கு.”

நைஜல் கரண்டியை வைத்துவிட்டார்.

‘சுரங்க விளக்கு’ 1982-இல் வந்த விளையாட்டு. அக்ரிங்டனில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் வேலை பார்த்த ட்ரெவர் டாட்டர்சால் என்பவர் தானே எழுதி, தானே கேசட்டில் பதிந்து, சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுத் தபாலில் விற்றது. மொத்தம் இருநூறுதான் போட்டார் என்று பேச்சு. இப்போது உலகத்தில் இருப்பது மூன்று என்று கணக்கு. ஒன்று லீட்ஸில் ஒரு பெரியவரிடம் இருந்தது. அவர் இறந்த பிறகு எங்கே போயிற்றோ தெரியவில்லை, போட்டோ மட்டும் மிச்சம். ஒன்று ராய்ஸ்டனிடம். ஒன்று நைஜலிடம்.

நைஜலின் பிரதிதான் எல்லோருக்கும் உரைகல். அட்டையில் கறுப்பு மையில் ஒரு சுரங்கத் தொழிலாளி. அவன் கையில் விளக்கு. விளக்கு மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்பு விளக்கின் கீழே வலது ஓரத்தில் கோட்டைத் தாண்டி, அவன் முழங்கால் பக்கமாக ஒரு நகக்கண் அளவு வழிந்திருக்கும். மூன்று பிரதியிலும் அதே இடத்தில், அதே அளவில். அச்சகத்தில் சிவப்பு அச்சு நகர்ந்துவிட்டது, அதுதான் முதல் பதிப்பின் முத்திரை என்று நைஜல் ஒரு கட்டுரையே எழுதியிருந்தார். ‘அசலை அறிவது எப்படி’ என்ற அந்தக் கட்டுரையில் விதி ஒன்று, வழிந்த சிவப்பு.

விலைக்கு வந்திருந்ததன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சிவப்பு வழிந்துதான் இருந்தது. ஆனால் மேலே, இடது பக்கம், விளக்கின் கைப்பிடி மேல்.

விற்பவர் பெயர் அவ்ரில் டாட்டர்சால். கீழே எழுதியிருந்தார்: ‘என் கணவர் ட்ரெவர் இந்த வசந்தத்தில் காலமானார். இது அவர் செய்தது. யாராவது விளையாடினால் சந்தோஷப்படுவார்.’

“அடேயப்பா, விதவையும் வந்தாச்சு” என்றார் நைஜல். “இனி நாய்தான் பாக்கி.”

ராய்ஸ்டன் சிரிக்கவில்லை. “நிஜமாவே அவர் பொண்டாட்டியா இருந்தா?”

“நிஜப் பொண்டாட்டிகிட்ட நிஜ விளையாட்டு இருக்கும். சிவப்பு எங்க வழியுது பாரு. எவனோ நம்ம கட்டுரையப் படிச்சிட்டுச் செஞ்சிருக்கான், இடத்தக் கோட்டை விட்டுட்டான்.”

“அவசரப்படாதடா.”

“இதுல என்ன அவசரம்?”

பீன்ஸ் ஆறுவதற்குள் தீர்ப்பு குழுவில் ஏறிவிட்டது. ‘போலி. சிவப்பு தவறான இடத்தில் வழிகிறது. விற்பவர் தம்மை ஆசிரியரின் விதவை என்று சொல்லிக்கொள்கிறார். போலிப் பொருளோடு உருக்கமான கதை இலவசமாக வரும். எச்சரிக்கை.’ மதியத்துக்குள் நானூறு லைக். சாயங்காலம் யாரோ புகார் கொடுத்து, விற்பனைத் தளம் அந்தப் பொருளை நீக்கிவிட்டது. நைஜல் நிம்மதியாகத் தூங்கினார்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, பிளாக்பர்னில் ஒரு சமூகக் கூடத்தில் குழுவின் வருடாந்தரச் சந்தை. நுழைவுக் கட்டணம் மூன்று பவுண்டு. கேசட் விற்பவர்கள், பழைய கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பவர்கள், ஒரு மூலையில் டீயும் பன்னும். நடுவில் நைஜலின் மேஜை. பச்சைத் துணி, வளையும் விளக்கு, பூதக்கண்ணாடி. பொருளைக் கொண்டுவந்து டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றால், அவர் பார்த்துச் சொல்வார். மேஜையின் ஓரத்தில், கனத்த கண்ணாடிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள், ஓரமெல்லாம் பசை போட்டு மூடப்பட்ட அவருடைய ‘சுரங்க விளக்கு’.

அந்தப் பெட்டியை அவர் திறந்ததே இல்லை. சேகரிப்பவர்களின் ஆசாரம் அது. மூடியதைத் திறந்தால் பொருளின் மதிப்பு போய்விடும். ஏழு வருடத்துக்கு முன், இதய அறுவை சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் எட்டாம் வார்டில் படுத்திருந்தபோது ராய்ஸ்டன் கொண்டுவந்து கொடுத்தது. பத்து வருடமாக நைஜல் தேடிக்கொண்டிருந்த பொருள். மார்பில் தையலோடு அவர் அழுததில் நர்ஸ் பயந்து ஓடி வந்தாள்.

“பதினேழு” என்று கூப்பிட்டார் ராய்ஸ்டன். டோக்கன் வேலை அவருடையது.

பதினேழாம் டோக்கனோடு எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் வந்து உட்கார்ந்தார். மழைக்கோட்டை அவிழ்க்கவில்லை. மடியில் ஐஸ்கிரீம் டப்பா ஒன்று.

“நீங்கதானே மிஸ்டர் ஆர்மராட்?”

“ஆமா. என்ன கொண்டுவந்திருக்கீங்க?”

“என் பேரு அவ்ரில் டாட்டர்சால். தன்னை விதவைன்னு சொல்லிக்கிற ஆளு.”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த லங்காஷயர் வட்டாரத்தில் எழுபது வயதுப் பெண்கள் பஸ் டிரைவரைக்கூட ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ‘மிஸ்டர் ஆர்மராட்’ என்றது நைஜலுக்குச் சுருக்கென்றது.

“மேடம், அது உங்க மேல தனிப்பட்ட முறையில...”

“எங்க தெரு மீன் கடைக்காரன் கேக்கறான், ‘என்ன அவ்ரில், இன்டர்நெட்டுல ஏமாத்தறியாமே’ன்னு. நாப்பத்தஞ்சு வருஷம் ட்ரெவரோட குடும்பம் நடத்தினேன். அவரப் புதைச்ச ஆறாம் மாசம், நான் அவர் பொண்டாட்டியே இல்லன்னு மீன் பொட்டலத்தோட சேர்த்து வாங்கிட்டு வரேன். நான் இன்னிக்கு எதையும் விக்க வரல. பேரைத் திரும்ப வாங்கிட்டுப் போக வந்தேன். பாருங்க.”

டப்பாவைத் திறந்து கேசட்டை வைத்தார். அட்டையை வைத்தார். பிறகு, சீட்டுக்கட்டு பரப்புவது போல, வெட்டாத ஆறு அட்டைகளைப் பச்சைத் துணி மேல் வரிசையாகப் போட்டார்.

ஆறிலும் அதே தொழிலாளி, அதே விளக்கு. சிவப்பு ஒன்றில் மேலே வழிந்திருந்தது, ஒன்றில் இடது பக்கம். ஒன்றில் வழியவே இல்லை. ஒன்றில் பாதி விளக்குதான் சிவப்பு.

“இது எந்த அச்சகத்துல அடிச்சது?” என்றார் நைஜல்.

“அச்சகமா? ஆலையில மேனேஜர் சாப்பிடப் போற நேரத்துல ட்ரெவர் ஜெராக்ஸ் எடுத்துட்டு வருவார், கறுப்புல. சிவப்பு நான் போட்டது, ஸ்கெட்ச் பேனாவால. ராத்திரிச் சமையல் முடிச்சு, டிவி பார்த்துக்கிட்டே இருநூறு விளக்குக்குச் சாயம் பூசினேன். அந்தப் பாதி விளக்கு இருக்கே, அன்னிக்குப் பேனா தீர்ந்துபோச்சு.”

நைஜல் பூதக்கண்ணாடியை எடுத்தார். சிவப்பு, தாளின் இழைகளுக்குள் வேர்விட்டு இறங்கியிருந்தது. விளிம்பில் பழுப்பு ஏறியிருந்தது. அச்சுக்குரிய புள்ளி ஒன்றுகூட இல்லை.

“திருப்பிப் பாருங்க” என்றார் அவ்ரில். “அந்தப் பேனா ஊறும். மேஜைத் துணி ஒண்ணு பாழாப்போச்சு.”

திருப்பினார். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும், விளக்கு இருந்த இடத்தில், ரோஜா நிறத்தில் கறை. நாற்பது வருடக் கறை. டீயில் தோய்த்து வரவழைக்க முடியாத கறை.

வரிசையில் முன்னால் நின்ற தாடிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு மெல்ல விசிலடித்தார்.

“உங்க கட்டுரையை என் பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சுக் காட்டினா” என்றார் அவ்ரில். “மூணு அட்டையிலும் ஒரே இடத்துல வழிஞ்சிருக்கு, அதனால அசல்னு போட்டிருக்கீங்க. எனக்கு ஒண்ணுதான் புரியல. என் கை அவ்வளவு ஒழுங்கு கிடையாதே.”

நைஜலுக்கு மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் அந்த வாக்கியத்தைச் சுற்றி வந்தது. கையால் பூசிய இருநூறில் எந்த இரண்டும் ஒன்று போல இருக்காது. ஒன்று போல மூன்று இருந்தால், ஒன்று அசல், மற்ற இரண்டும் அதைப் பார்த்து அச்சடித்தவை. பதினோராயிரம் பேரும் அவரும் ஒரே மாதிரி இருப்பதைத்தான் இத்தனை நாள் அசலுக்கு அடையாளமாக வைத்திருந்தார்கள்.

அவர் கண் தானாகப் பெட்டிப் பக்கம் போனது. வலது ஓரம், முழங்கால் பக்கம், நகக்கண் அளவு.

ராய்ஸ்டன் குனிந்து அவர் காதோரம் பேசினார். “ஒரு டீ குடிச்சிட்டு வரலாம் வா.”

டீ மேஜைக்குப் பின்னால் இருந்த சின்னச் சமையலறைக்குள் போனதும் ராய்ஸ்டன் கதவைச் சாத்தினார்.

“அவங்களது அசல்னு சொல்லிடு” என்றார். “மன்னிப்பும் கேட்டுடு. அவங்களது கையால வரைஞ்ச முதல் பதிப்பு, நம்மளது அச்சகத்துல அடிச்ச ரெண்டாம் பதிப்பு. அவ்வளவுதான். எல்லாருக்கும் நல்லது. எவனும் கேள்வி கேக்க மாட்டான்.”

“ரெண்டாம் பதிப்புன்னு ஒண்ணு இருந்துதா?”

“யாருக்குத் தெரியும்?”

“வெளிய ஒரு அம்மா உக்காந்திருக்காங்களே, அவங்களுக்குத் தெரியும்.”

ராய்ஸ்டன் டீக் கொப்பரையின் குழாயைத் திறந்தார், மூடினார். கோப்பை எடுக்கவே இல்லை.

“ராய்ஸ்டன். அந்தப் பெட்டியத் திறக்கப்போறேன்.”

“திறக்காதடா.”

“ஏன்?”

நைஜல் காத்திருந்தார். முறையீட்டுக் கடிதங்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அது. பதில் போடாமல் இருந்தால் அடுத்த கடிதத்தில் எதிராளியே சொல்வான்.

“லீட்ஸ் பெரியவர்கிட்ட ஒரு வாரம் கடன் வாங்கினேன்” என்றார் ராய்ஸ்டன் கடைசியில். “ஸ்கேன் பண்ணி ரெண்டு அடிச்சேன். எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. நகல்னு சொல்லித்தான் குடுக்கறதா இருந்தேன். நீ பொழைக்கறது கஷ்டம்னு டாக்டர் வெளிய நின்னு சொல்றார். உள்ள வந்து கையில குடுத்தா, நீ அழற. ‘எங்கடா பிடிச்ச, எங்கடா பிடிச்ச’ன்னு கேக்கற. அந்த மூஞ்சியப் பார்த்து நான் என்னடா சொல்லட்டும்?”

“அப்புறம் சொல்லியிருக்கலாம்.”

“அப்புறமா? வீட்டுக்கு வந்த ரெண்டாம் வாரம் கட்டுரை எழுதிட்ட. விதி ஒண்ணு, விதி ரெண்டுன்னு. என்னதையும் அசல்னு நீயே பட்டியல்ல போட்டுட்ட. ஒவ்வொரு வருஷமும் கதவு ஒரு அங்குலம் மூடிக்கிட்டே போச்சு.”

“பசை போட்டு மூடினது?”

“நீ அழுத மறுநாள் வாங்கிட்டுப் போய் ஒட்டினேன். நீ பூதக்கண்ணாடி எடுப்பேன்னு தெரியாதா எனக்கு?”

நைஜல் சுவரில் சாய்ந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது, ஆனால் தேடி வந்த வீடு அது இல்லை என்பது போல வாசலிலேயே நின்றது. ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு வாரமும் பார்க்க வந்த ஒரே ஆள் இவன். ஆனால் மீன் கடைக்காரனின் முன்னால் நின்ற பெண்மணி நினைவுக்கு வந்தார்.

“என்னை ஏமாத்தினது இருக்கட்டும். நான் அந்தம்மாவப் பொய்க்காரின்னு எழுதினப்போ, நீ போன்ல இருந்தியே.”

“அவசரப்படாதன்னு சொன்னேன்.”

“அது போதுமா?”

“போதாது” என்றார் ராய்ஸ்டன்.

நைஜல் யோசித்தார். ரெண்டாம் பதிப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெட்டி பெட்டியாகவே இருக்கும், கட்டுரைக்கு ஒரு அடிக்குறிப்பு சேரும், அடுத்த வருடமும் இந்த மேஜையில் உட்காரலாம். நல்ல கதைதான். உருக்கமான கதையும்கூட. இத்தகைய கடிதத்துக்கு ஆபீசில் அவர் என்ன பதில் எழுதுவார் என்பது அவருக்குத் தெரியும்.

பன் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கூட்டம் கூடியிருந்தது. அவர் பெட்டியின் பசை ஓரத்தில் கத்தியை நுழைத்தபோது தாடிக்காரர், “நைஜல், என்ன பண்றீங்க, மதிப்பு போயிடும்” என்றார்.

“போகட்டும்.”

பெட்டி பட்டென்று விரிந்தது. அட்டையை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. முன்பக்கத்தில் கண்ணாடியை வைத்தார். சிவப்புக்குள் ரோஜாவும் மஞ்சளுமாக, எறும்புப் புற்று மாதிரி புள்ளிகள். கண்ணாடியை அவ்ரிலிடம் நீட்டினார். அவர் பார்த்துவிட்டுத் தாடிக்காரரிடம் கொடுத்தார். அது கைமாறிப் போய்க்கொண்டே இருந்தது.

“என்னது போலி” என்றார் நைஜல், எல்லோருக்கும் கேட்கும்படி. “மிஸஸ் டாட்டர்சால் கொண்டுவந்ததுதான் அசல். நான் எழுதினது தப்பு.”

“வாயால சொன்னா மீன் கடை வரைக்கும் போகாது” என்றார் அவ்ரில்.

அதுவும் நியாயம். நைஜல் அங்கேயே போனை எடுத்துத் தட்டினார். பழைய பதிவின் இடத்திலேயே, அதே அளவில், தவறு தன்னுடையது என்றும், அவர் ட்ரெவர் டாட்டர்சாலின் மனைவி என்றும், விளக்குக்குச் சாயம் பூசியவரே அவர்தான் என்றும். படித்துக் காட்டினார்.

“‘சொல்லிக்கொள்கிறார்’ போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

“நீங்க பெட்டியத் திறக்காமலே என்னை அனுப்பியிருக்கலாம். நான் மன்னிப்பு மட்டும் வாங்கிட்டுப் போயிருப்பேன்” என்றார் அவ்ரில். பிறகு நைஜலின் அட்டையை எடுத்து, வழிந்த இடத்தை விரலால் தொட்டார். “இந்தச் சிவப்பு என் கைதான், சந்தேகமில்ல. எவனோ நல்லா நகல் எடுத்திருக்கான். யார் செஞ்சது?”

நைஜல் வாய் திறப்பதற்குள், “நான்” என்றார் ராய்ஸ்டன். “என்கிட்ட இருக்கறதும் நகல்தான். உங்க பேரு கெட்டப்பவும் நான் வாயத் தொறக்கல. மன்னிச்சுக்குங்க.”

அவ்ரில் அவரை மேலும் கீழும் பார்த்தார். “எதுக்குச் செஞ்சீங்க?”

“இவன் பொழைக்க மாட்டான்னு நெனச்சேன்.”

“பொழைச்சுக்கிட்டாரே.”

“அதுதான் மாட்டிக்கிட்டேன்.”

அவ்ரில் சிரித்துவிட்டார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். தாடிக்காரர் சமயம் பார்த்து, ஆறு அட்டையில் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்.

“விளையாடுவீங்களா, பெட்டியில போட்டுப் பசை ஒட்டுவீங்களா?”

தாடிக்காரர் விழித்தார்.

“யோசிச்சு வைங்க. நானும் யோசிக்கறேன்” என்றபடி அவ்ரில் டப்பாவை மூடினார். எழுந்து, மழைக்கோட்டின் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, நைஜலின் தோளில் ஒரு தட்டு தட்டினார். “வரேன் கண்ணு. உடம்பைப் பார்த்துக்கோ.”

அன்று சாயங்காலம் மேஜையை மடக்கும்போது நைஜல் தன் அட்டையைப் பின்பக்கமாகத் திருப்பி ராய்ஸ்டன் முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு பேனா.

“என்ன?”

“குழுவோட விதி. நகலுக்குப் பின்னால ‘நகல்’னு எழுதணும். செஞ்சவன் கையெழுத்து போடணும்.”

“அது நீ எழுதின விதி.”

“அது ஒண்ணுதான் தேறும்போல. எழுது.”

ராய்ஸ்டன் எழுதினார். கையெழுத்துப் போட்டார். பேனா தாளில் நின்றது.

“இத நீ தூக்கிப் போடப்போறதில்லையா?”

“தேதியும் போடு.”

“இன்னிக்குத் தேதியா?”

“குடுத்த தேதி” என்றார் நைஜல். “எட்டாம் வார்டுன்னும் எழுது.”